பிறர் பணம், பிறர் நலம்: கொள்முதல் தலைவரின் பணி

ஒரு நிறுவனத்தின் பெருமையைப் பேசும்போது அதைத் தோற்றுவித்தவரைப் பேசுகிறோம். அதை நடத்துபவரைப் பேசுகிறோம். பொருளை ஆக்குபவரையும் விற்பவரையும் நாம் அறிவோம். ஆனால் அந்நிறுவனத்திற்கு வேண்டியவற்றை வாங்கித் தருபவரை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வகுப்பறைக்குச் சாக்பீஸ், தேர்வுக்குத் தாள், ஆய்வுக்கூடத்திற்கு அமிலம், விடுதிக்கு அரிசி இவையெல்லாம் உரிய நாளில் வந்து சேர்ந்துவிட்டால் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. வராத நாளில்தான் "யார் பொறுப்பு?" என்ற கேள்வி பிறக்கிறது.

அந்தப் பொறுப்பைச் சுமப்பவரே கொள்முதல் தலைவர். பெரிய தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அரசுக் கழகங்களிலும் அவர் தலைமை நிர்வாகிக்கு அடுத்த படியில் அமர்ந்திருக்கிறார். வணிகவியல் பயிலும் நாங்கள், அவர் செய்யும் பணி யாது, அதில் அவர் தவறினால் துன்புறுபவர் யார் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சொல்லில் உள்ள பொருள்

கொள்முதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'புரொக்யூர்மெண்ட்' என்பதாகும். அதன் வேர் 'புரோக்குராரே' என்னும் இலத்தீன் சொல். "பிறருக்காகக் கவனித்துக் கொள்ளுதல்" என்பது அதன் பொருள். துறவு மடங்களிலும் மறைமாவட்டங்களிலும் வரவு செலவு பார்த்து, வேண்டியதை வாங்கி வைக்கும் பொறுப்பாளரைப் 'புரோக்குரேட்டர்' என்று அழைப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதுவும் இதே வேரிலிருந்து பிறந்த சொல்லே.

இச்சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. கடைக்குப் போய் நமக்கு வேண்டியதை நம் பணத்தில் வாங்கினால் அது வெறும் வாங்குதல். பிறருடைய பணத்தைக் கொண்டு, பிறருடைய தேவைக்காக, பின்னர் கணக்குக் காட்டும் கடமையோடு வாங்கினால் அது கொள்முதல். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணவேண்டும் என்று வணிகர்க்கு வள்ளுவர் வகுத்த அறமும் இதுதான் அன்றோ?

நம் மண்ணுக்குப் புதிதன்று

காரைக்குடிப் பகுதியில் வாழும் நமக்கு இந்தக் கருத்து புதிதன்று. நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை நடத்துபவர் 'மேலாள்' எனப்படும் முகவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின்பே ஒருவர் மேலாள் ஆவார். பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. கடல் கடந்த ஊரில், முதலாளியின் கண் படாத இடத்தில், அவர் பணத்தை இவர் கையாள்வார். பேரேட்டில் பற்று வரவு எழுதி, ஐந்தொகை எடுத்து அனுப்புவார். தவணை முடிந்ததும் பொறுப்பைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அந்த நம்பிக்கையே அத்தொழிலின் முதல்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கடல் கடந்து வந்தன. தரைக்கோ பக்கத்து ஆத்தங்குடியின் பூக்கல்லும் பயன்பட்டது. எதைத் தொலைவிலிருந்து தருவிப்பது, எதை அருகிலேயே செய்விப்பது என்று தெரிந்து தேர்ந்ததே அங்கு நாம் காணும் அறிவு. இன்றைய கொள்முதல் தலைவரும் நாள்தோறும் இந்தக் கேள்விக்கே விடை தேடுகிறார்.

நம் நகரில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை எடுத்துக் கொள்வோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால், 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிலையம் அது. இத்தகைய ஆராய்ச்சி நிலையங்கள் ஒவ்வொன்றிலும் அறிவியல் அறிஞர்களோடு பண்டகம், கொள்முதல் என்ற பிரிவும் இயங்குகிறது. அறிஞர் கேட்ட வேதிப்பொருள் வராவிட்டால் ஆய்வு நின்றுவிடும். தூய்மை குறைந்த பொருள் வந்தாலோ ஆய்வு நடக்கும். ஆனால் முடிவு பிழையாகும். இரண்டாவதே பெரிய கேடு.

ஒரு மாத்திரையின் கதை

கொள்முதல் தலைவரின் பணியை முழுமையாக அறிய, நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. அதுதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

1994க்கு முன் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகள் பல இடங்களில் பல விதமாக வாங்கப்பட்டன. ஒரே மருந்துக்குப் பல விலைகள். ஓர் ஊரில் தேவைக்கு மிஞ்சித் தேங்கிக் காலாவதியாகும்; அடுத்த ஊரில் அதே மருந்து இராது. முறைகேடு பற்றிய புகார்களும் எழுந்தன. பணம் செலவாயிற்று, ஆயினும் நோயாளியிடம் "மருந்து இல்லை, வெளியே வாங்கி வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்றாடக் கூலி வாங்கும் ஒரு தாய்க்கு அந்தச் சீட்டின் பொருள் என்ன? ஒன்று கடன் வாங்க வேண்டும். அல்லது மருந்தில்லாமல் குழந்தையைத் தூக்கிக் கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

இந்நிலையை மாற்ற 1994இல் இக்கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. தொடக்க நாள்களில் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்து முறைகளை வகுத்தவர் பூர்ணலிங்கம் என்னும் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி. அங்கே வகுக்கப்பட்ட முறைகளைப் படிப்படியாகக் காண்போம். கொள்முதல் தலைவரின் கடமைகள் அனைத்தும் அதில் அடங்கும்.

முதற்படி, தேவையை அறிதல். கடையில் உள்ள ஆயிரக்கணக்கான மருந்துப் பெயர்களையெல்லாம் வாங்க முற்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட இன்றியமையா மருந்துப் பட்டியலின் வழியில், நம் மக்களுக்கு மிகத் தேவையான மருந்துகளின் பட்டியல் ஒன்றை வல்லுநர்கள் வகுத்தனர். கம்பெனி சூட்டிய வணிகப் பெயரால் அன்றி, மருந்தின் பொதுப் பெயராலேயே வாங்குவது என்று முடிவாயிற்று. இதனால் போட்டியிட வருவோர் பெருகினர், விலை இறங்கியது.

இரண்டாம் படி, தக்கவரைத் தேர்தல். டெண்டர் என்று வழங்கும் ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் கேட்கப்படும். முதல் உறையில் தகுதி: தொழிற்சாலை உண்டா, உரிமம் உண்டா, முறையான தயாரிப்புச் சான்று உண்டா, அனுபவம் எவ்வளவு? இரண்டாம் உறையில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மிகக் குறைந்த விலையைக் கண்ணால் கண்டபின் தகுதிக் குறைவை மன்னிக்கத் தோன்றும். அந்தச் சபலத்திற்கே இடமில்லாமல் முறை தடுத்துவிடுகிறது.

மூன்றாம் படி, சோதித்தல். மருந்து தயாரித்தவரிடமிருந்து நேரே மாவட்டக் கிடங்குகளுக்கு வருகிறது. நம் பகுதிக்குச் சிவகங்கைக் கிடங்கு. வந்த உடனே அதை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் இட்டு, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்கள். சோதிப்பவருக்கு இது யாருடைய மருந்து என்று தெரியாது. தேறினால்தான் மருந்து வெளியே போகும். பணமும் அதன் பின்னரே. தேறாவிட்டால் சரக்குத் திரும்பும். மீண்டும் தவறுவோர் தடைப் பட்டியலில் சேர்வர்.

நான்காம் படி, பங்கிடுதல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் உள்ளது போன்ற ஒரு பாஸ்புத்தகம். ஓர் ஆண்டில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரம்பு குறித்திருக்கும். எடுக்க எடுக்க அத்தொகையில் கழியும். எந்த மருந்து எவ்வளவு என்பதை அந்த மருத்துவமனையே தீர்மானிக்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் மருந்து மிகுதியாக வேண்டுமா? எடுத்துக் கொள்ளலாம். வேண்டாததை யாரும் தலையில் கட்ட முடியாது. கிடங்குகளின் இருப்பு கணினி வழியே சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் தெரியும். எங்கே குறைகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தீருமுன்பே அடுத்த ஆணை பிறப்பிக்கலாம்.

ஐந்தாம் படி, சிறியதாயினும் நெஞ்சைத் தொடுவது. முன்னெல்லாம் மருத்துவமனையில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தந்ததைப் பெற்றோர் பலர் நினைவு கூர்வர். ஈரம் பட்டுக் கரையும். எந்த மாத்திரை எதற்கு என்பதும் குழம்பும். அதை மாற்றிப் பட்டைகளில் அடைத்த மாத்திரைகளையே கழகம் கேட்டு வாங்கியது. தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அன்று என்றும் அவற்றின்மேல் அச்சிடச் செய்தது. ஏழையின் கைக்குச் சேரும் மருந்து தூய்மையாய்ச் சேர்ந்தது. திருடி விற்பதும் கடினமாயிற்று.

இம்முறையைப் பின்பற்றிக் கேரளம் 2007இலும் இராஜஸ்தான் 2011இலும் தத்தம் மருத்துவக் கழகங்களை அமைத்தன. இங்கும் குறைகளே இல்லை என்று கூற இயலாது; சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு என்ற செய்திகள் பின்னரும் வந்ததுண்டு. ஆனால் குறை எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கக் கூடிய ஒரு வழி இப்போது இருக்கிறது. முன்பு அது இல்லை.

குறைந்த விலையே நல்ல விலையா?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. சிக்கனம் கொள்முதலின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிக்கனம் வேறு, மலிவு வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விடுதிக்குத் தண்ணீர் மோட்டார் வேண்டும். முதல் மோட்டார் 18,000 ரூபாய். இரண்டாவது 24,000 ரூபாய். முதலாவதை வாங்கினால் 6,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அது நாளொன்றுக்கு 3 யூனிட் மின்சாரம் கூடுதலாகக் குடிக்கிறது என்று கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்றால் நாளுக்கு 24 ரூபாய். ஆண்டில் 300 நாள் ஓடினால் 7,200 ரூபாய். மிச்சம் பிடித்த 6,000 முதல் ஆண்டிலேயே கரைந்து, மேலும் 1,200 ரூபாய் கைவிட்டுப் போகிறது! வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பழுது பார்க்கும் செலவு, கடைசியில் கழிக்கும்போது கிடைக்கும் தொகை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே கொள்முதல் தலைவரின் கணக்கு. நம் இல்லங்களில் ஆச்சிமார் எடையும் கனமும் பார்த்துப் பாத்திரம் வாங்குவதும், ஆண்டுக்கு வேண்டிய புளியையும் மிளகாயையும் விளைச்சல் காலத்தில் வாங்கி வைப்பதும் இதே கணக்குத்தான். அவர்கள் அதற்குப் பெயர் சூட்டவில்லை, அவ்வளவே.

எல்லாப் பொருளும் ஒன்றல்ல

1983இல் பீட்டர் கிரால்ஜிச் என்னும் மேலாண்மை அறிஞர், 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வாங்கும் பொருள்களை இரண்டு கேள்விகளால் பிரிக்கச் சொன்னார். இது நமக்கு எவ்வளவு முக்கியம்? இது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு? இவ்விரு கேள்விகளால் பொருள்கள் நான்கு வகையாகின்றன. கொள்முதல் என்பது எழுத்தர் வேலை என்ற எண்ணத்தை மாற்றிய கட்டுரைகளுள் இது ஒன்று.

மருத்துவமனையைக் கொண்டே இதை விளக்கலாம். எழுதும் தாளும் துடைப்பமும் எளிய பொருள்கள், எங்கும் கிடைக்கும். அவற்றுக்கு அதிக நேரம் செலவிடலாகாது. காய்ச்சல் மாத்திரை பெருமளவில் வேண்டும், விற்போரும் பலர். அங்கே போட்டியைப் பயன்படுத்தி விலையைக் குறைக்கலாம். விலையுயர்ந்த பெரிய கருவிகளோ பல ஆண்டு நம்மோடு இருப்பவை. அவற்றை விற்பவரோடு நீண்டகால உறவும் பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும்.

நான்காவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, பாம்புக்கடிக்கான முறிமருந்து. பண அளவில் அது பெரிய செலவன்று. ஆனால் நாட்டில் அதைத் தயாரிப்பவர் சிலரே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து அதை ஆக்குகிறார்கள். அந்த நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அச்சங்கம் 1978இல் தொடங்கியது. நினைத்த அன்று ஆணை கொடுத்து மறுநாள் பெறக்கூடிய பொருளா இது? வயலில் கடிபட்ட உழவரை இரவில் தூக்கி வரும்போது அது மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். இங்கே விலையைப் பேசிக் காலம் தாழ்த்துவது சிக்கனமாகாது. எங்கே பேரம் பேசுவது, எங்கே இருப்பைப் பெருக்கி வைப்பது என்று அறிவதே தலைமைப் பண்பு.

2020இல் கொரோனா நோய் பரவியபோது உலகமே இந்தப் பாடத்தைக் கற்றது. முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் முட்டி மோதின. பல நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தின. பணம் இருந்தும் பொருள் இல்லை. அப்போது திருப்பூரின் தையற்கூடங்கள் பல, பனியன் தைப்பதை விட்டு முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்கத் தொடங்கின. ஒரே இடத்தை நம்பியிராமல் அருகிலும் ஒரு வழியை வளர்த்து வைக்க வேண்டும் என்பது அன்று எல்லார்க்கும் விளங்கிற்று. வெள்ளம் வருமுன் அணை போடுபவரே நல்ல கொள்முதல் தலைவர்.

மறுக்கத் தெரிந்த நா

இப்பதவிக்கு வேண்டிய கல்வி பலவாயினும், வேண்டிய குணம் ஒன்றே: நேர்மை. பெருந்தொகை செலவிடும் கையைத் தேடிப் பரிசுகள் வரும், விருந்துகள் வரும், உறவினர் பரிந்துரையும் வரும். "இந்த ஒரு முறை மட்டும்" என்ற சொல்லும் வரும். ஆகவேதான் நல்ல நிறுவனங்களில் கேட்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், வந்த சரக்கைச் சோதிப்பவர் ஒருவர், பணம் தருபவர் ஒருவர் என்று பிரித்து வைக்கிறார்கள். இது யாரையும் சந்தேகிப்பதற்காக அன்று. நல்லவரையும் சபலத்திலிருந்தும் வீண்பழியிலிருந்தும் காப்பதற்காகவே.

நம் மாநிலத்தில் 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. மத்திய அரசு 2016இல் மின் சந்தை ஒன்றைத் தொடங்கியது. சட்டமும் கணினியும் பெரிதும் உதவும். ஆயினும் தேவையை மிகைப்படுத்தி எழுதும் கையையும், ஒரே ஒருவருக்குப் பொருந்துமாறு நிபந்தனை வகுக்கும் மனத்தையும் கணினி கண்டுபிடித்துவிடாது. அங்கே ஒருவர் எழுந்து "இது முறையன்று" என்று சொல்ல வேண்டும். மேலதிகாரியிடமும் அதைப் பணிவோடு சொல்லும் துணிவு வேண்டும்.

நேர்மை என்பது விற்பவரிடத்தும் வேண்டும். சரக்கை வாங்கிக் கொண்டு பணத்தை இழுத்தடித்தால் சிறு தொழில் நடத்துவோர் நலிவர். அடுத்த முறை நல்லவர் டெண்டருக்கே வரமாட்டார். சொன்ன நாளில் பணம் தருவதும் கொள்முதல் தலைவரின் அறமே.

நம் மாணவியர்க்கு

அன்புத் தோழியரே, "வாங்குவது தானே, இதற்கு ஏன் படிப்பு?" என்று இனி நாம் கேட்க மாட்டோம். வணிகவியல் பயில்வோர், செலவுக் கணக்கியல் பயில்வோர், பொறியியல், மருந்தியல், சட்டம் பயில்வோர் அனைவர்க்கும் இத்துறையில் இடம் உண்டு. இரயில்வே துறையில் பண்டகப் பணிக்கென்றே தனி அலுவலர்கள் இருக்கின்றனர். 1955 முதல் பெரம்பூரில் இயங்கும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் ஒரு திருகாணி வராவிட்டாலும் ஒரு பெட்டி வெளியே போகாது. மருந்துக் கிடங்குகளில் மருந்தாளுநர்கள் பணியாற்றுகின்றனர். இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம் இதற்கென்றே பட்டயப் படிப்புகள் நடத்துகிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மாதச் சாமான் பட்டியலை எழுதும் பொறுப்பை ஒரு முறை உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள். இருப்பைப் பார்த்து, தேவையைக் கணக்கிட்டு, இரண்டு கடைகளில் விலை கேட்டு, எடை சரிபார்த்து, மீதிச் சில்லறையோடு கணக்கையும் அவள் ஒப்படைக்கட்டும். அந்த ஒரு தாளில் கொள்முதலின் ஐந்து படிகளும் அடங்கிவிடும்.

கொள்முதல் தலைவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது. அவர் வாங்கிய மாத்திரையை விழுங்கிக் குணமானவருக்கு அவர் யாரென்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நள்ளிரவில் அரசு மருத்துவமனையின் வாயிலில் நிற்கும் ஒரு தாயிடம், "மருந்து இருக்கிறது, அம்மா" என்று செவிலியர் சொல்லும் அந்த ஒரு சொல்லே அவர் பணிக்குச் சான்று. நாளை அச்சொல்லுக்குப் பின்னால் நம்மில் ஒருத்தி இருப்பாளாக!